லிதிங் பெயரில் வந்த முடிவு

போன் அடித்தபோது யூஜென் மலைச்சரிவின் நடுவரிசையில் நின்று தேயிலை கிள்ளிக்கொண்டிருந்தாள். இடுப்புக் கூடை பாதிதான் நிறைந்திருந்தது. வட்டார மருத்துவமனை டாக்டர் வெய்யின் எண். ஷாங்யான் ஊரின் மகளிர் தலைவியாகப் பதினோரு வருடம் காலம் தள்ளியவளுக்கு, காலை பத்து மணிக்கு டாக்டர் நலம் விசாரிக்கக் கூப்பிடமாட்டாள் என்பது நன்றாகத் தெரியும்.

"அக்கா, உங்க மருமக லிதிங் பக்கத்துல இருக்காங்களா?"

"இல்லையே டாக்டர். என்ன விஷயம்?"

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி உங்க ஊர்ல பரிசோதனை பண்ணினோமே, முடிவு வந்திருக்கு. நாப்பது பேர்ல மார்பு ஸ்கேன் எல்லாருக்கும் நல்லபடியா இருக்கு. கருப்பை வாயில எடுத்ததும் முப்பத்தொன்பது பேருக்கு ஒண்ணும் இல்ல. உங்க மருமகளுக்குத்தான் சரியில்ல. செல்லெல்லாம் ரொம்ப மாறியிருக்கு. புற்றுநோய்னு இப்பவே சொல்ல வரல. ஆனா மாவட்ட ஆஸ்பத்திரில கருவி வெச்சுப் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதிக்கணும். தள்ளிப்போடவே கூடாது."

"சரி" என்றாள் யூஜென்.

"இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நான் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். எப்ப வர்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. வெளியூர்ல வேலைன்னா அங்கேயே காட்டிக்கட்டும். 'அங்கேயே பார்த்துக்கிறா'ன்னு எனக்கு ஒரு வரி அனுப்பினாப் போதும், இங்க முடிச்சிடறேன்."

போனை வைத்த பிறகும் யூஜென் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். லிதிங்குக்கு ஒன்றும் இல்லை. இருக்கவும் முடியாது. அவள் புத்தாண்டு முடிந்த கையோடு நிங்போ நகரத்துக்குக் கிளம்பிப் போனவள். பரிசோதனை நடந்த அன்று அங்கே ஒரு தையல் ஆலையில் உட்கார்ந்து சட்டைக் கழுத்து தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அடையாள அட்டையின் நகல் மட்டும்தான் ஷாங்யானில் இருந்தது. அதை மேஜைமேல் வைத்ததும் சாட்சாத் அவள் மாமியார்தான்.

இதை மறைத்துச் சொல்வதற்கு இல்லை. யூஜென் செய்தது தில்லுமுல்லு.

பரிசோதனைக்குழு வந்தது சிங்மிங் என்னும் முன்னோர் நினைவு நாளுக்கு முந்தைய வாரம். வருடத்தில் முதல் கொழுந்து எடுக்கும் வாரம் அது. அந்த வாரத்தில் ஷாங்யான் பெண்களைச் சரிவிலிருந்து கீழே இறக்க வேண்டுமென்றால் வீடு தீப்பற்றி எரிய வேண்டும். இந்தத் தேதியைக் குறித்த புண்ணியவான் யாரோ, அவனுக்குத் தேயிலை பாக்கெட்டில் விளைவதாக எண்ணம் போலிருக்கிறது. யூஜென் மூன்று நாள் ஊர் ஒலிபெருக்கியில் தொண்டை கட்டக் கத்தினாள். வந்தவர்கள் முப்பத்து நான்கு பேர். மேலிடம் கேட்டதோ நாற்பது. குறைந்தால் வட்டாரக் கூட்டத்தில் ஊர்ப் பெயரை எழுந்து நின்று வாசிப்பார்கள். போன வருடம் அப்படி வாசித்தபோது யூஜென் தலையைக் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை அந்தச் செருப்பைப் பார்க்க அவளால் ஆகாது.

ஆகவே அலுவலக இழுப்பறையிலிருந்து ஆறு அட்டை நகல்களை எடுத்தாள். ஐந்து, வெளியூரில் வேலை பார்க்கும் பெண்களுடையவை. அதில் ஒன்று லிதிங்குடையது. ஆறாவது அவளுடையதேதான். ஊரையே படுக்கச் சொல்லி அழைத்த தலைவிக்குத் தான் போய்ப் படுப்பதற்குக் கூச்சம். ஐம்பத்தெட்டு வயதில் முன்பின் தெரியாத பெண்ணுக்கு முன்னால் காலைத் தூக்கி வைப்பதா என்று அவளுக்கு உடம்பு எரிந்தது. நகல்களைத் தேநீர்க் குவளைக்கு அடியில் சொருகிவிட்டு, பார்த்து முடித்து வெளியே வந்த பெண்களையே இன்னொரு சுற்று போகச் சொன்னாள்.

"ஒரு தடவை எட்டிப் பார்த்தது அந்த நர்ஸுக்குப் போதலையாக்கும்?" என்றாள் வாயாடி பாவ்யிங். "சரி விடு, இன்னொரு தடவை பார்த்துக்கட்டும். தேய்ஞ்சா போயிரும்?"

ஊர் அலுவலக முற்றமே சிரித்தது. வேறு வட்டாரத்திலிருந்து வந்திருந்த நர்ஸ் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தாள். எண்ணைப் பார்த்தாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. யூஜென் குழுவினரின் சாப்பாட்டைக் கவனிக்கப் போய்விட்டுத் திரும்பியபோது குவளைக்கு அடியில் ஒன்றுகூட மிச்சமில்லை. நாற்பது முடிந்தது. அன்று அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்!

இப்போது அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் வாய் கசந்தது. அந்தச் சோதனை மாதிரி யாரோ ஒருத்தியின் உடம்பிலிருந்து எடுத்தது. அந்த ஒருத்தி இந்தச் சரிவிலேயே எங்கோ இலை கிள்ளிக்கொண்டிருப்பாள். தனக்கு ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருப்பாள்.

அடுத்த வரிசையில் பாவ்யிங் நின்றிருந்தாள். யூஜென் அவளை நெருங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அன்னிக்கு ரெண்டாவது சுத்து போனது யார் யாரு?"

"எதுக்கு? பரிசு ஏதும் தர்றாங்களா?"

"சொல்லுடி."

யூஜென் முகத்தைப் பார்த்ததும் பாவ்யிங்கின் சிரிப்பு நின்றது. விரல் விட்டு எண்ணினாள். "நான், என் ஓரகத்தி, மேல்தெருவுல ரெண்டு பேரு, அப்புறம் கடைக்காரி. அஞ்சு பேரு."

"சீட்டு ஆறாச்சே?"

"உன் மருமகளோடது மட்டும் குவளைக்கடியில அப்படியே கிடந்துச்சு. அந்தப் படத்துல அவ சின்னப் பொண்ணாட்டம் இருக்கா, எங்க மூஞ்சிக்கு ஒத்துவராதுன்னு விட்டுட்டோம். அப்புறம் திரும்பிப் பார்த்தாக் காணோம். நீயே போயிட்டேன்னு நெனச்சோம்."

யூஜென் கணக்குப் போட்டாள். அந்த ஐந்து பேரும் முதலில் தங்கள் பெயரிலேயே படுத்தவர்கள். அவர்கள் முடிவு எல்லாம் நன்றாகவே வந்திருக்கிறது. தன் பெயரில் படுத்த முப்பத்து நான்கு பேருக்குமே நல்ல முடிவு; அவர்களில் ஒருத்தியாக இருக்க முடியாது. அப்படியானால் இது பட்டியலிலேயே இல்லாத ஒருத்தி. பரிசோதனைக்கு வராதவள்போல முற்றத்தில் நின்று, யாரும் பார்க்காதபோது குவளைக்கு அடியிலிருந்து சீட்டை உருவிக்கொண்டு உள்ளே போனவள். அன்று முற்றத்தில் வேறு யார் இருந்தார்கள்?

குழுவினரின் சாப்பாட்டுக்குச் சோயாப் பாலில் செய்த டோஃபு இரண்டு தட்டு வந்தது. கொண்டுவந்தவள் சுன்யே.



சுன்யே யூஜெனின் தம்பி ஹைபோவின் மனைவி. ஹைபோ தெற்கே கட்டட வேலைக்குப் போய், வருடத்துக்கு ஒருமுறை புத்தாண்டுக்கு வந்துபோனவன். ஒன்பது வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். தாய் இல்லாத அவனை முதுகில் கட்டிக்கொண்டு வளர்த்தவள் யூஜென். அவன் போன பிறகு அவன் மனைவியின்மேல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தவளும் அவளே. ஐந்து வருடத்துக்கு முன் கீழூர்த் தச்சன் ஒருவன் சுன்யேவைக் கட்டிக்கொள்ளக் கேட்டு ஆள் அனுப்பினான். யூஜென் வாசலில் நின்று பேசிய பேச்சில் அந்த ஆள் கொண்டுவந்த சாராயப் புட்டியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ஓடிப்போனான். எல்லாம் தம்பி மகளுக்காகத்தான் என்று யூஜென் சொல்லிக்கொண்டாள். சுன்யே அதற்குப் பிறகு அவளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பரிசோதனைக்கும் அவளை அழைத்திருந்தாள். "புருஷன் இல்லாதவளுக்கு அது எதுக்கு?" என்று சுன்யே கதவைச் சாத்தினாள். யூஜென் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே 'மறுத்துவிட்டார்' என்று எழுதினாள். உள்ளுக்குள் அந்தப் பதில் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அந்த நோய் எப்படி வருகிறது என்று ஷாங்யானில் எல்லோருக்கும் தெரியும். நர்ஸ் ஒட்டிவிட்டுப் போன படத்திலேயே போட்டிருக்கிறது. ஆணிடமிருந்து வருவது. ஒன்பது வருடமாக வீட்டில் ஆண் இல்லாதவளுக்கு அது வந்தால் ஊர் என்ன பேசும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

யூஜென் கூடையை அப்படியே வரப்பில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

சுன்யே டோஃபுக் கொட்டகையில் இருந்தாள். டோஃபுவின் நீர் பிழியப் பலகைமேல் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள், ஒரு கல்லைப் பாதியில் இறக்கிவிட்டு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யூஜெனின் நிழல் வாசலில் விழுந்ததும் கையை எடுத்துவிட்டாள். ஆள் இளைத்துப் போயிருந்தாள். வாரம் நாலு தடவை பார்க்கிற ஆள்தான், இது ஏன் இத்தனை நாள் கண்ணில் படவில்லை என்று யூஜெனுக்குத் தோன்றியது.

"டோஃபு தீந்துபோச்சு, அக்கா."

"டோஃபுக்கு வரல. பரிசோதனை முடிவு வந்திருக்கு."

சுன்யே ஈரத்துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த பலகையைத் துடைத்தாள். "எல்லாருக்கும் நல்லாத்தானே வந்திருக்கும்?"

"ஒருத்திக்கு இல்ல. லிதிங் பேருல போனவளுக்கு."

துணி நின்றது. பிறகு மறுபடி ஓடியது. "அதை ஏன் எங்கிட்டச் சொல்றீங்க?"

இந்த இடத்தில் யூஜென் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ இருந்தன. உனக்கு வலிக்கிறதா, எத்தனை நாளாக, பயமாக இருக்கிறதா என்று ஒன்றையாவது கேட்டிருக்கலாம். பதினோரு வருடம் மகளிர் தலைவியாக இருந்தவளின் வாயிலிருந்து வந்ததோ வேறு.

"யாரு அவன்?"

சுன்யே நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைச் சந்திக்க முடியாமல் யூஜென் பானையைப் பார்த்தாள். கேட்ட மாத்திரத்திலேயே தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தது. விழுந்த வார்த்தையை எப்படி அள்ளுவது?

"அவனும் இல்ல, இவனும் இல்ல" என்றாள் சுன்யே. குரல் உயரவில்லை. "நான் டோஃபு குடுக்க வந்தேன், குடுத்தேன், போனேன். உங்களுக்கு வேண்டிய ஆளை வேற எங்கயாவது தேடுங்க."

"சுன்யே, நான் சொல்ல வந்தது..."

"நீங்க சொல்ல வந்தது புரிஞ்சிருச்சு. உங்க பேருல போய்ப் படுத்தது பாவ்யிங்கோட ஓரகத்தின்னு ஊருக்கே தெரியும். நீங்க படுக்கறதுக்கு வெக்கப்படலாம், மத்தவங்க படுத்தா மட்டும் எவன்னு கேப்பீங்களா? கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சம் வரல."

யூஜென் தள்ளினாள். வெளியே வந்தபிறகுதான் முகம் எரிவது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு அடிவாங்கிப் பழக்கமில்லாதவள். இன்று வாங்கிக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து டாக்டரைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், சும்மா கேக்கறேன். இதைப் பார்க்காமலே விட்டா என்ன ஆகும்?"

"சும்மா கேக்கற விஷயமா அக்கா இது? அடுப்புல வெச்ச சோயாப் பாலை விட்டுட்டுப் போற மாதிரிதான். சிலது ரொம்ப நேரம் சும்மாவே இருக்கும். சிலது திரும்பறதுக்குள்ள பொங்கிரும். உள்ள பார்த்தாத்தான் எந்தக் கட்டத்துல இருக்குன்னு சொல்ல முடியும். இப்பப் பார்த்தா அநேகமாச் சின்ன வேலையோட போயிரும். விட்டுட்டு, ரத்தம் கொட்டும்போது வந்தா எங்கிட்டச் சொல்றதுக்கு நல்லதா எதுவும் இருக்காது."

"இடையில கொஞ்சம் கொஞ்சம் ரத்தம் பட்டா? வயித்து வலி?"

"உங்க மருமகளுக்கு அப்படி இருக்கா?"

"தெரியல" என்றாள் யூஜென். அது உண்மைதான். தெரியாது. கேட்கவில்லை.

மணி மூன்றே கால். போனில் டாக்டருக்கு எழுதினாள்: 'லிதிங் நிங்போவிலேயே பார்த்துக்கொள்கிறாள்.' இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் காரியம் முடிந்தது. கோப்பு மூடப்படும். ஆறு சீட்டுக் கதை யாருக்கும் தெரியப்போவதில்லை. மேலிடத்தில் திட்டு இல்லை, பதவிக்கு ஆபத்து இல்லை. சுன்யேதான் இல்லவே இல்லை என்கிறாளே, அப்புறம் நாம் என்ன செய்ய முடியும்? இப்படி ஒரு சமாதானமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. யூஜெனின் கட்டைவிரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே நின்றது.

அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கையை அவளால் மறக்க முடியவில்லை. தன்னைக் கண்டதும் அது விலகிய வேகத்தை அதைவிட மறக்க முடியவில்லை. பயந்துதானே அவள் வேறொருத்தியின் பெயரைத் திருடிக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். நோய்க்குப் பயம் என்றால் ஒளிந்துகொண்டு போக வேண்டியதில்லை. முடிவு முதலில் யார் கைக்கு வரும் என்பதற்கு அல்லவா பயந்தாள்! பட்டியலில் இருந்த நாற்பது பெயருக்கும் நேரே தொடர்பு எண் ஒன்றே ஒன்று. அது யூஜெனுடைய எண்.

எழுதியதை அழித்தாள். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஊர் அலுவலகத்துக்கு நடந்தாள். ஊர்ச் செயலாளர் வட்டாரத்துக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். நல்லதாகப் போயிற்று. அவர் இருந்திருந்தால் காலில் விழுந்தாவது தடுத்திருப்பார்.

ஒலிபெருக்கி இருந்த அறைக்குள் போய்ச் சுவிட்சைப் போட்டாள். வெளியே மரத்தில் கட்டியிருந்த குழாய்கள் கீச்சிட்டன. சரிவில் இருக்கும் பெண்கள் எல்லோரும் இந்நேரம், அடுத்தது எதற்குக் கூப்பிடப் போகிறாளோ என்று முணுமுணுத்திருப்பார்கள்.

"நான் யூஜென் பேசறேன். கொஞ்சம் காதைக் குடுத்துக் கேளுங்க. பரிசோதனை அன்னிக்கு நாப்பது பேருன்னு கணக்குக் காட்டினோம்ல, அதுல ஆறு பொய். ஊருல இல்லாத அஞ்சு பேரோட சீட்டை நான்தான் வெச்சேன். ஆறாவது என்னோடது. எனக்குப் பதிலாவும் வேற ஆளை அனுப்பிட்டேன். உங்களையெல்லாம் போங்க போங்கன்னு கத்தினேனே தவிர நான் போகல. வெக்கம், பயம், ரெண்டும்தான். இது என் தப்பு. போனவங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

மேஜைமேல் இருந்த குவளையை எடுத்தாள். தண்ணீர் இல்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

"இப்ப விஷயத்துக்கு வர்றேன். என் மருமக லிதிங் பேருல ஒருத்தி போனீங்க. உன் முடிவு சரியில்ல. பயப்படாத, இப்பப் பார்த்தா சரி பண்ணிரலாம்னு டாக்டர் சொல்றாங்க. நீ யாருன்னு நான் கேக்கல. எப்படி வந்துச்சு, எவன்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு கேக்கறதுக்கு எனக்கு வாயும் இல்ல, உரிமையும் இல்ல. கேட்டிருந்தா அது அசிங்கம், எனக்குத்தான் அசிங்கம். நாளைக்குக் காலையில ஆறு மணிக்குப் பாலத்துக்கிட்ட வண்டி நிக்கும். மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போகும். நான் அதுல இருக்கமாட்டேன். வீட்டைவிட்டு வெளியவே வரமாட்டேன், ஜன்னலையும் சாத்திக்கிறேன். உன் பேரை டாக்டர்கிட்ட மட்டும் சொல்லு. உன் போன் நம்பரைக் குடு. என் நம்பரைக் குடுக்காத. அவ்வளவுதான்."

சுவிட்சை அணைத்தாள். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு டாக்டரைக் கூப்பிட்டு அதே உண்மையைச் சொன்னாள். டாக்டர் வெய் கத்தவில்லை. நீண்ட மூச்சு விட்டாள். "நாளைக்கு மாவட்டத்துல சொல்லி வெக்கிறேன். ஆள் வந்தாச் சரி. மத்ததை அப்புறம் பேசலாம், அக்கா" என்றாள். அந்த 'மத்ததை' என்ற சொல் யூஜெனின் காதில் நன்றாகவே விழுந்தது.

வெளியே வந்தால் பாவ்யிங் இடுப்புக் கூடையோடு மூச்சிரைக்க ஓடிவந்து நின்றிருந்தாள்.

"உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா? செயலாளர் வந்தா உன்னை உயிரோட தோலை உரிச்சிருவாரு!"

"உரிக்கட்டும்."

"அதைவிடு. யோசிச்சுத்தான் பேசினியா நீ? பாலத்துல வண்டி நின்னா எதிர்க்கடையில உக்காந்திருக்கற கெழவனுங்க பார்க்கமாட்டானுங்களா? எந்தப் பொம்பளை தனியா வந்து ஏறுவா?"

யூஜென் அதை யோசிக்கவில்லை. முகம் வெளிறிப்போயிற்று.

பாவ்யிங் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். "போகட்டும். நாங்க அஞ்சு பேரும் ஏறறோம். கடைக்காரிக்கு எப்படியும் டவுனுல வேலை இருக்காம். அஞ்சோட ஒண்ணு ஆறு. எவன் வேணா எண்ணிக்கிட்டு உக்காரட்டும், யாருன்னு கண்டுபிடிக்கட்டும் பார்ப்போம். கொழுந்து ஒரு நாள் முத்தினா முத்திட்டுப் போகுது."

செயலாளர் ஐந்தரைக்குப் போன் செய்து அரைமணி நேரம் கத்தினார். யூஜென் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டாள். சொன்னபடி சாலைப்பக்க ஜன்னலைச் சாத்தி, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கஞ்சி வைத்தாள், குடிக்கவில்லை. கடிகாரம் ஐந்தே முக்கால் காட்டியது. பாலத்தின் பக்கம் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பாவ்யிங்கின் சிரிப்பு அவ்வளவு தூரத்திலிருந்தும் கேட்டது. அவள் வருவாளா? வராவிட்டால்? சுன்யே பிடிவாதக்காரி. அந்தப் பிடிவாதத்துக்கு ஒன்பது வருடம் உரம் போட்டு வளர்த்தது யார் என்றும் யூஜெனுக்குத் தெரியும். எழுந்து ஜன்னல்வரை போனாள். கையைத் தாழ்ப்பாளில் வைத்தாள். சொன்ன சொல் ஞாபகம் வந்து திரும்பி வந்து உட்கார்ந்தாள். அந்தப் பத்து நிமிடத்தில் பட்ட பாட்டை அவள் ஹைபோவின் உடலுக்காகக் காத்திருந்த அன்றுகூடப் பட்டதில்லை.

கதவு தட்டப்பட்டது.

திறந்தால் சுன்யே. நல்ல சட்டை போட்டு, தலையை நன்றாக வாரி, கையில் துணிப்பையோடு நின்றாள். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"வண்டி நிக்குது" என்றாள்.

யூஜென் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் பார்க்கல. நீ போ. நான் யாரையும் பார்க்கல. வரமாட்டேன்னு சொன்னேனே."

"கேட்டேன். ஊரே கேட்டுச்சு." சுன்யே நகரவில்லை. பையின் காதை முறுக்கிக்கொண்டே நின்றாள். "மூணு மாசமா ரத்தம் படுது. ராத்திரியெல்லாம் வலிக்குது. பொண்ணு பள்ளிக்கூட விடுதியில இருக்கா, பரீட்சை வருது, அவகிட்டச் சொல்ல முடியாது. சதையை எடுக்கறாங்களாமே, அக்கா. அங்க படுக்கும்போது கையைப் புடிச்சுக்க ஒரு ஆள் வேணாமா? பாவ்யிங் வந்தா சிரிக்க வெச்சே கொன்னுருவா. எனக்கு வேற யாரு இருக்கா?"

யூஜெனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதை மறைக்க உள்ளே ஓடிப்போய்க் காலணியைத் தேடினாள். இரண்டும் கண்முன்னேதான் கிடந்தன.

"உங்க அட்டையையும் எடுத்துக்கோங்க" என்றாள் சுன்யே வாசலிலிருந்து. "அசலை. நகல் வேணாம்."

மாவட்ட ஆஸ்பத்திரியில் அன்று இருவருமே படுத்தார்கள், அடுத்தடுத்த அறைகளில். யூஜென் கூச்சத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூன்றே நிமிடத்தில் முடிந்துவிட்டது. இதற்கா இந்தப் பாடு என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை. சுன்யேவுக்கு நேரம் பிடித்தது. கருவியை வைத்துப் பார்த்தார்கள், மூன்று இடத்தில் துளித்துளியாகச் சதை எடுத்தார்கள். யூஜென் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுன்யே இறுக்கிய இறுக்கில் யூஜெனின் விரல்கள் மரத்துப்போயின.

அதன்பிறகு எட்டு நாள். அந்த எட்டு நாளில் யூஜென் மூன்று முறை வட்டாரத்துக்குப் போய்த் தன் தவறை எழுதிக் கொடுத்தாள். முதல் இரண்டிலும் வருத்தம் போதவில்லையாம். மகளிர் தலைவி பொறுப்பை வேறு ஒருத்திக்குக் கொடுத்தார்கள். அதெல்லாம் யாருக்கோ நடப்பதுபோல அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். தினமும் டோஃபுக் கொட்டகைக்குப் போய்ச் சுன்யேவுக்குப் பதிலாகக் கல் தூக்கி வைத்தாள். இருவரும் முடிவைப் பற்றிப் பேசவே இல்லை. போன் மட்டும் பலகைமேல் இருந்தது. அது ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் இருவர் கையும் நின்றது.

ஒன்பதாம் நாள் நேரில் வரச் சொன்னார்கள். நேரில் என்றதுமே யூஜெனுக்குப் பாதி உயிர் போயிற்று.

மாவட்டத்து டாக்டர் நரைத்த தலையுடைய பெண். தாளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இன்னும் புற்றுநோயாகல. அதுக்கு முந்தின படியில நிக்குது. கடைசிப் படின்னு வெச்சுக்கோங்க. கெட்டுப்போன துண்டை மட்டும் மின்கம்பியால வெட்டி எடுத்துருவோம், அரைமணி நேரந்தான். அப்புறம் விடாம வந்து காட்டிக்கிட்டே இருக்கணும். இன்னும் ஒரு வருஷம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா நான் வேற விதமாப் பேச வேண்டியிருந்திருக்கும்."

சுன்யே தலையை ஆட்டினாள். நாள் குறிப்பதற்காக நர்ஸ் அவளைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனாள். யூஜென் எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், இது எப்ப வந்திருக்கும்?"

"தேதியெல்லாம் யாராலயும் சொல்ல முடியாது. கிருமி உள்ள வந்து பத்து வருஷம், அதுக்கு மேலகூடச் சத்தமில்லாம உக்காந்திருக்கும். அவங்க வீட்டுக்காரர்?"

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி செத்துட்டான். வருஷத்துல பதினோரு மாசம் தெற்கேதான் இருப்பான்."

டாக்டர் தோளைக் குலுக்கினாள். "அப்ப அவர்கிட்டேர்ந்து வந்திருக்கலாம். தாராளமா."

யூஜென் தாழ்வாரத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். முதுகில் கட்டி வளர்த்த தம்பி. அவன் பெயருக்குக் களங்கம் வந்துவிடக்கூடாது என்று அவள் காத்த காவல் எத்தனை! தச்சனை விரட்டினாள். டோஃபு வாங்க வருகிற ஆண்களை எண்ணினாள். கடைசியில் அந்த நோயை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவனே அவனாக இருக்கலாம்.

சுன்யே நாள் சீட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்த வியாழக்கிழமை என்றாள். அவள் முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் ரத்தம் ஓடியிருந்தது.

"சுன்யே" என்றாள் யூஜென். "டாக்டரைக் கேட்டேன். பத்து வருஷம்கூட உள்ளேயே இருக்குமாம். நம்ம ஹைபோதான்... அவன்தான் குடுத்துட்டுப் போயிருக்கான் போலிருக்கு."

சுன்யே சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள்.

"எனக்குத் தெரியாதா அக்கா? அவரைத் தவிர என்னைத் தொட்டது யாரு? நீங்க நம்பமாட்டீங்கன்னுதான் லிதிங் பேருல போய்ப் படுத்தேன்."

"நம்பியிருக்கமாட்டேன்" என்றாள் யூஜென்.